ராத்திரி மாட்டுற 2 லிட்டர் யூரின் பை: அப்பாவுக்கு ஏழு மாசமா யூஸ் பண்றோம், தெரிஞ்சத சொல்றேன்

அப்பாவுக்கு மூத்திரப்பைல கேன்சர் வந்து பையையே எடுத்துட்டாங்க. சிறுகுடல்ல ஒரு துண்ட வெட்டி, அது வழியா யூரின் வெளிய வர்ற மாதிரி வயித்துல வலது பக்கம் ஒரு வாய் வச்சிருக்காங்க, யூரோஸ்டமின்னு பேரு. 1950-ல பிரிக்கர்ங்கிற அமெரிக்க சர்ஜன் எழுதின முறையாம், இன்னைக்கும் அதத்தான் பெரும்பாலும் செய்றாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அப்பா நாப்பது வருஷம் சுருட்டு குடிச்ச மனுஷன், ஒரு நாள் வலியே இல்லாம மூத்திரம் ரத்தமா போச்சு. அப்படி யாருக்காவது போனா சூடுன்னு நெனச்சு இளநி குடுத்துட்டு இருக்காதீங்க, நாங்க ரெண்டு மாசம் அப்படித்தான் விட்டுட்டோம்.

இப்ப பை விஷயத்துக்கு வர்றேன். அந்த வாய்க்கு அடக்குற தசை எதுவும் கிடையாது, ராவும் பகலும் சொட்டிக்கிட்டே இருக்கும். வயித்துல ஒட்டுற சின்னப் பை 400 மில்லி போல பிடிக்கும், பாதி ரொம்புறதுக்குள்ள காலி பண்ணணும், இல்லன்னா வெயிட்டு தாங்காம ஒட்டு விட்டுரும். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மொத மாசம் அம்மா 11, 1, 3, 5-ன்னு அலாரம் வச்சு எந்திரிச்சாங்க. ரெண்டு பேரும் கண்ணெல்லாம் உள்ள போயி பாக்கவே முடியல. அப்புறம் அப்பா என்ன பண்ணாருன்னா, ராத்திரி எந்திரிக்க வேணாம்னு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டாரு. அது ரொம்பத் தப்பு. குடல் துண்டு சளி மாதிரி ஒண்ணு விட்டுக்கிட்டே இருக்கும், அது சாதாரணம்தான், ஆனா தண்ணி கொறஞ்சா அது கெட்டியாயி அடைக்கும், யூரின்ல இன்ஃபெக்‌ஷனும் சீக்கிரம் வரும்.

அப்பதான் இந்த நைட் பேக் வாங்கினோம். 2 லிட்டர் பிடிக்கும், நீளமா ட்யூப் இருக்கும், வயித்துப் பையோட குழாய்ல மாட்டிட்டு படுத்தா விடியிற வரைக்கும் கவலையில்ல. கம்பெனி பேரு நான் போடல, ஏன்னா நாங்க இருக்குற ரங்கூன்ல இந்த மாசம் வர்றது அடுத்த மாசம் வராது, தாய்லாந்துலேர்ந்து யாரு கொண்டு வர்றாங்களோ அதுதான் கிடைக்கும். என்ன பாத்து வாங்கணும்னு மட்டும் சொல்றேன்.

மொதல்ல அடாப்டர். வயித்துப் பை ஹாலிஸ்டரா, கோலோபிளாஸ்ட்டா, கன்வாடெக்கா, எந்தக் கம்பெனியா இருந்தாலும் குழாய் வாய் ஒண்ணுக்கொண்ணு வேற, நடுவுல ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு வேணும். சில வயித்துப் பை பெட்டிக்குள்ளயே அது இருக்கும், குப்பைன்னு தூக்கிப் போட்டுராதீங்க! எங்களுக்கு ஒரு கடைக்காரர், பேரு வேணாம், ஆஸ்பத்திரில கதீட்டருக்கு, அதான் மூத்திரம் போக உள்ள விடுற ட்யூபுக்கு, மாட்டுற சாதா பையக் குடுத்து "எல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி"ன்னாரு. வீட்டுக்கு வந்து மாட்டினா நிக்கவே இல்ல, ராத்திரி புரண்டதும் கழண்டு மெத்தையெல்லாம் ஊறிப் போச்சு. ஆறாவது மாடி, லிஃப்ட் இல்ல, அந்த மெத்தைய எறக்கி வெயில்ல போட நானும் தம்பியும் பட்ட பாடு. அப்பா ஒரு வார்த்தை பேசல, சுவரப் பாத்து உக்காந்திருந்தாரு. அத என்னால மறக்க முடியல.

ரெண்டாவது, பைக்குள்ள யூரின் திரும்பி ஏறாம இருக்க ஒரு வால்வு இருக்கணும். மூணாவது கீழ இருக்குற தொறக்குற குழாய், இருட்டுல விரல் வச்சாலே தொறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரியணும். இங்க கரண்டு எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, அதனால இது எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

ஆனா நல்ல பை வாங்கியும் மொத வாரம் சரியா எறங்கல. காரணம் பையில இல்ல, படுக்கையில. அப்பா சின்ன வயசுலேர்ந்து தரையில பாய் போட்டுப் படுக்கிறவரு. பை உடம்ப விட தாழ இருந்தாதான் யூரின் எறங்கும், தரையில படுத்தா பை எங்க போயித் தொங்கும்? பெட்டியில வந்த காகிதத்துல கட்டில் படம் போட்டிருக்கான், பாய்ல படுக்கிறவங்க என்ன செய்யணும்னு ஒரு வரி இல்ல. கடைசில ஒரு பழைய மரக்கட்டில் வாங்கினோம், வலது பக்கச் சட்டத்துல கொக்கி மாட்டி பையத் தொங்கவிட்டு, கீழ ஒரு பிளாஸ்டிக் வாளி வச்சாச்சு. அன்னைக்கு ராத்திரி அப்பா தூங்கினது பத்து மணிக்கு, முழிச்சது நாலரைக்கு. அம்மா நடுவுல ரெண்டு தடவ எந்திரிச்சு மூச்சு வருதான்னு பாத்தாங்களாம்.

அப்புறமும் ஒரு நாள் வம்பாச்சு. அம்மா கொசுவலைய மெத்தைக்கு அடியில நல்லா இறுக்கி சொருகினாங்க, ட்யூபும் சேர்ந்து நசுங்கிருச்சு, மூணு மணிக்கு வயித்துப் பை பலூன் மாதிரி உப்பி ஓரமா ஒழுக ஆரம்பிச்சிருச்சு. இப்ப ட்யூப் வர்ற எடத்துல மட்டும் வலைய சொருகாம சும்மா தொங்கவிட்டு ஒரு துணிக் கிளிப் போட்டுருவோம். லுங்கி கட்டுறவங்களுக்கு இன்னொண்ணு, முடிச்சு அந்த வாய் மேல உக்காரக் கூடாது, அப்பா இப்ப இடது பக்கமா தளர்த்திக் கட்டுறாரு. ட்யூபுக்கு லுங்கிதான் வசதி, பேண்ட்டுன்னா கால் வழியா விடணும்.

மாட்டும்போது ஒரு விஷயம், நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வயித்துப் பைய முழுசா காலி பண்ணிட்டு மாட்டாதீங்க, கொஞ்சம் யூரின் இருக்கும்போதே மாட்டுங்க. இல்லன்னா உள்ள காத்து அடைச்சுக்கிட்டு, பை ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு ஒண்ணும் எறங்காது. மாட்டினதும் ட்யூப்ல ஒரு கோடு மாதிரி ஓடுறத கண்ணால பாத்துட்டுத்தான் நான் லைட்ட அணைப்பேன்.

காலையில கழட்டி வெதுவெதுப்பான தண்ணில அலசிட்டு, ஒரு பங்கு வெள்ள வினிகருக்கு மூணு பங்கு தண்ணி கலந்து ஊத்தி கொஞ்ச நேரம் வச்சு, கொட்டிட்டு நிழல்ல தொங்கவிடுறோம். நாத்தம் போயிரும். முந்தின நாள் மொஹிங்கா, அதான் இந்த ஊரு மீன் குழம்பு நூடுல்ஸ், சாப்பிட்டா, மீனும் பூண்டும் வெங்காயமும் ஆச்சே, யூரின் வாசம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், அது பையோட குத்தமில்ல. வாரத்துக்கு ஒரு பை மாத்துறோம், அதுதான் செலவு. ஒரு பை விலைக்கு நாங்க நாலு பேரும் ரெண்டு வேளை வெளிய சாப்பிட்டுறலாம்.

குறைன்னு சொன்னா ட்யூப் கொஞ்சம் விறைப்பு, சுருட்டி வந்த மடிப்பு சீக்கிரம் போகாது, சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டு நேராக்கணும். ஏப்ரல் வெயில்ல, ஃபேனும் நின்னுட்டா, வேர்வையில வயித்து ஒட்டு மூணு நாள் கூட தாங்கல, அதுக்கு இந்தப் பை ஒண்ணும் பண்ண முடியாது. அஞ்சுக்கு நாலு குடுப்பேன்.

இதையும் சொல்லியே ஆகணும். காய்ச்சல்னு ஒரு லேப்ல டெஸ்ட்டுக்குப் போனப்ப பையிலேர்ந்தே யூரின எடுத்தாங்க. கிருமி நெறைய இருக்குன்னு ரிப்போர்ட் வந்து பத்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரு. பையில நிக்கிற யூரின்ல எப்பவுமே கிருமி இருக்கும், வயித்துல இருக்குற அந்த வாய்க்குள்ள சின்ன ட்யூப் விட்டுத்தான் எடுக்கணும்னு அப்புறம் டாக்டர் சொன்னாரு. நீங்க போனா தயங்காம கேளுங்க, அவங்களா செய்ய மாட்டாங்க.

பாங்காக்லேர்ந்து வர்றவங்க யாராவது தெரிஞ்சா பைய விட அடாப்டர ரெண்டு மூணு சேத்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க. எங்க வீட்டுல இப்ப இருக்குறது ஒண்ணே ஒண்ணு, அம்மா அத கழுவி சாமி விளக்குப் பக்கத்துல கிண்ணத்துல போட்டு வச்சிருக்காங்க.