வாஷி டிரெஸ் பேட்டர்ன்: ஜிப் இல்லாத கோடைக் கவுன்

வாஷி டிரெஸ் பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைபடத்தை, காசு கொடுத்து வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சுடிதார் டாப்பாவது சொந்தமாகத் தைத்த அனுபவம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். மே மாத வெயிலில் வெளியே போட்டுக்கொண்டு போக மெல்லிய பருத்திக் கவுன் வேண்டும், பார்த்தால் நைட்டி மாதிரி இருக்கக் கூடாது, ஜிப் வைக்கிற தலைவலியும் கூடாது என்றால் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ரே ஹூக்ஸ்ட்ரா என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், மேட் பை ரே என்ற தன் சிறு நிறுவனத்தின் பெயரில் 2012இல் வெளியிட்ட பேட்டர்ன் இது. பிடிஎஃப் கோப்பாக இறக்கி, அச்செடுத்து, தாள்களை ஒட்டி, அதிலிருந்து துணியை வெட்டிக்கொள்ள வேண்டும். மார்புக்குச் சற்றுக் கீழேயே இடுப்புத் தையல் வந்துவிடுகிறது, அங்கிருந்து முன்பக்கம் பிளீட், அதாவது மடிப்பு, வைத்து ஸ்கர்ட் இறங்குகிறது. தோளில் சின்னக் கை வைக்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். முன்கழுத்தின் நடுவில் சிறிய வெட்டு ஒன்று உண்டு, அதுவும் நம் விருப்பம்தான். ஆனால் காசு கொடுக்க வேண்டிய காரணம் முன்பக்கத்தில் இல்லை, முதுகில் இருக்கிறது. அங்கே எலாஸ்டிக் நூலால் வரிசை வரிசையாகத் தைத்துத் துணியைச் சுருக்கிவிடுகிறோம். உடலோடு ஒட்டி நிற்கும், தலைவழியாகப் போடும்போது விரிந்துகொடுக்கும். ஜிப்பும் கிடையாது, கொக்கியும் கிடையாது, பட்டனும் கிடையாது.

நம் தையலில் உடலோடு ஒட்டி நிற்க வைப்பது என்றால் டாட் பிடிப்பது (துணியைக் கிள்ளி முக்கோணமாக மடித்துத் தைப்பது), இல்லையென்றால் பின்னால் கயிறு வைத்துக் கட்டுவது. இரண்டும் ஓர் அளவுக்குத்தான். உடம்பு இரண்டு கிலோ ஏறினால் ரவிக்கைக்குள் விட்டுவைத்த துணியைப் பிரிக்க வேண்டியதுதான். இந்த முதுகு அப்படி இல்லை, வயிறு நிறையச் சாப்பிட்டாலும் சரி, ஆறு மாதத்தில் உடம்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சரி, அதுவே சமாளித்துக்கொள்ளும். வியர்க்கிற ஊரில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சுருக்கங்களுக்கு நடுவே காற்று போய்வருகிறது, முதுகில் துணி ஈரத்தோடு அப்பிக்கொள்வதில்லை. சென்னையில் பஸ்ஸுக்கு நிற்கிற யாருக்கும் இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அச்செடுப்பதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க பேட்டர்ன்கள் பெரும்பாலும் அவர்கள் ஊர் லெட்டர் தாளை மனதில் வைத்து வருபவை, அது 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210க்கு 297, அதாவது 6 மில்லிமீட்டர் ஒடுக்கம். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் பழக்க தோஷத்தில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சடித்துவிடுவார்கள், நான் கொடுத்த கடையிலும் அதுதான் நடந்தது. வெறும் 3 சதவீதம் சுருங்கினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும், ஆனால் 36 இஞ்ச் மார்பில் அது ஒரு இஞ்ச்! அதனால் “அளவை மாற்றாமல் நூறு சதவீதத்தில் போடுங்க அண்ணா” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், முதலில் சோதனைக் கட்டம் (அச்சு அளவு சரியா என்று பார்க்க வரைந்திருக்கும் சதுரம்) இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, அங்கேயே நின்று ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். தாள்களை ஒட்ட செல்லோ டேப்பைவிடப் பசை நல்லது, டேப் ஒட்டிய இடத்தில் பிற்பாடு அயர்ன் பெட்டி பட்டால் உருகி இழுத்துக்கொள்ளும்.

அளவு எடுப்பது பற்றி. ஆயத்த ஆடையில் எம் போடுகிறோமே, இதிலும் எம்மே இருக்கட்டும் என்று வெட்டிவிடக் கூடாது. பேட்டர்ன் அளவுக்கும் கடை அளவுக்கும் சம்பந்தமே கிடையாது, டேப்பைச் சுற்றி அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மார்பின் முழுச் சுற்றளவு மட்டும் போதாது, அக்குளுக்கு அடியில் மேல்மார்பு அளவையும் எடுங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அதிகமாக இருந்தால், மேல்மார்புக்குப் பொருந்தும் அளவை வைத்துக்கொண்டு முன்பக்கத்தை மட்டும் கூட்டிக்கொள்வது நல்லது. அப்படிச் செய்யாமல் பெரிய அளவையே வெட்டினால் தோள் சரிந்து கழுத்து வாய் பிளந்து நிற்கும். தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதையும் விளக்கக் குறிப்பில் பார்த்துவிட்டு வெட்டுங்கள், ஏனென்றால் இது பேட்டர்னுக்குப் பேட்டர்ன் மாறும். ஜெர்மனியின் புர்டா இதழில் வருவனவற்றில் அந்த இடம் சேர்க்கப்பட்டே இருக்காது, நாமேதான் விட்டு வெட்ட வேண்டும்.

ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து சோம்பல் பார்க்காமல் செய்யுங்கள். நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் மேல்பாகத்தை மட்டும் பழைய வேட்டியில் வெட்டி, பெரிய தையலாகப் போட்டு, போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்தக் கவுனில் பொருத்தம் எல்லாமே அந்த மேல்பாகத்தில்தான், கீழே இறங்குவது வெறும் பிளீட் வைத்த ஸ்கர்ட். இடுப்புத் தையல் மார்பின் மேலேயே ஏறி உட்கார்ந்தால் அசிங்கமாக இருக்கும். அப்படி ஏறினால் முன்பாகத்தின் நீளத்தை அரை இஞ்சோ முக்கால் இஞ்சோ கூட்ட வேண்டியிருக்கும். டாட்டின் முனை எங்கே முடிகிறது என்பதையும் அந்த வேட்டித் துணியிலேயே பேனாவால் குறித்துக்கொள்ளலாம்.

துணிக்கு வருவோம். நான் தைத்தது மதுரைச் சுங்குடியில். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற துணி, மதுரை சௌராஷ்டிர மக்களின் கைவேலை. துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள், கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி விழும். இப்போது சுங்குடி என்ற பெயரில் விற்பதில் நிறைய அச்சுப் போட்டவைதான். அதுவும் பருத்தியாக இருந்தால் கவுனுக்குக் குறையில்லை, ஆனால் கட்டிச் சாயமேற்றியது என்று சொல்லி அந்த விலை கேட்டால் புள்ளிகளை உற்றுப் பாருங்கள். கையால் கட்டியதில் எல்லாப் புள்ளியும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது, புதுத்துணியில் புள்ளி விழுந்த இடம் லேசாகப் புடைத்தும் இருக்கும். எதுவானாலும் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகிற வரை தனியாக அலசி, நிழலில் காயவைத்து அயர்ன் செய்துவிடுங்கள். பருத்தி முதல் நனைப்பிலேயே சுருங்கும், அந்தச் சுருக்கம் தைத்த பிறகு வந்தால் இடுப்புத் தையல் மேலே ஏறிவிடும், வேட்டியில் பார்த்த பொருத்தமெல்லாம் வீண்.

மல்மல் என்ற மிக மெல்லிய பருத்தித் துணியிலும் தைக்கலாம், உடம்புக்குச் சுகம் அதுதான். ஆனால் வெயிலில் நின்றால் உள்ளே தெரியும், அதனால் முன்பாகத்துக்காவது அதே மல்மலிலேயே இரண்டாவது அடுக்கு கொடுங்கள். லைனிங் என்று கடையில் எடுத்துக் கொடுக்கிற பளபளப்பான பாலியஸ்டர் மட்டும் வேண்டாம், அதை வைத்தால் பருத்தி எடுத்த காரணமே போய்விடும். ரயான் நன்றாக விழும், ஆனால் வெட்டும்போது நழுவும், முதல் தடவைக்கு உகந்ததில்லை.

வெட்டும்போது பேட்டர்னில் போட்டிருக்கும் அம்புக்குறி பாவு நூலோடு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலோடு, கரைக்கு இணையாகப் போக வேண்டும். சேலையில் வெட்டுகிறவர்களுக்கு இங்கே ஓர் ஆசை வரும், பார்டரை ஸ்கர்ட்டின் அடியில் கொண்டுவந்தால் அழகாக இருக்குமே என்று. பார்டர் ஓடுவதே பாவின் திசையில்தான், அதை அடியில் படுக்கவைத்தால் கவுனின் நீளம் குறுக்கே ஓடும் ஊடை நூல் பக்கம் திரும்பிவிடும், துணி விழுகிற விதமும் கொஞ்சம் விறைப்பாகும். அது பரவாயில்லை என்றால் செய்யலாம். நான் உடலுக்குப் புள்ளிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்டரைக் கழுத்தின் உள்பட்டிக்கு வைத்துவிட்டேன்.

இனி எலாஸ்டிக் நூல். பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பொறுமை வேண்டும். எலாஸ்டிக் நூல் பாபினில் (மெஷினுக்கு அடியில் கீழ் நூல் சுற்றி வைக்கும் சின்ன உருளை) மட்டும்தான் போகும், மேலே வழக்கமான தையல் நூல். பாபினை மெஷினில் வைத்துச் சுற்றாதீர்கள், இழுத்து இறுக்கிச் சுற்றிவிடும். கையாலேயே, நூலை இழுக்காமல், ஒழுங்காகச் சுற்றுங்கள். தையல் நீளத்தை மெஷினில் இருக்கிற பெரிய அளவுக்கு வையுங்கள். முதல் வரிசை ஓட்டி முடித்ததும் துணி அவ்வளவாகச் சுருங்கியிருக்காது, உடனே மெஷினைத் திட்ட வேண்டாம். நாலைந்து வரிசை போன பிறகுதான் சுருக்கம் தெரியத் தொடங்கும். இரண்டாவது வரிசையிலிருந்து, ஏற்கெனவே சுருங்கிய துணியை ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு கையாலும் பிடித்துத் தட்டையாக விரித்துக்கொண்டே தைக்க வேண்டும். இதை விட்டால் சுருக்கத்தின் மேலேயே தையல் விழுந்து மடிப்பு மடிப்பாக நிற்கும். எலாஸ்டிக் நூல் தடிமன் என்பதால் பாபின் சீக்கிரம் காலியாகும், ஒவ்வொரு வரிசை தொடங்கும் முன்னும் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். நடு முதுகில் நூல் தீர்ந்தால் அந்த வரிசையைப் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் வழி. வரிசையின் இரு முனையிலும் மேல் நூலை உள்பக்கம் இழுத்து எலாஸ்டிக்கோடு முடிச்சுப் போடுங்கள், பக்கத் தையல் வரும்போது அந்த முனைகளின் மேல் இரண்டு தடவை ஓட்டிவிடுங்கள்.

எல்லா வரிசையும் முடிந்ததும் ஸ்டீம் அயர்னைத் துணியில் படாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து ஆவி காட்டினால், முதுகு முழுக்க அப்படியே சுருங்கி உள்வாங்குகிறது. கண்ணெதிரே நடக்கும் அந்தச் சுருக்கத்தைப் பார்ப்பதற்காகவே இதைத் தைக்கலாம், தணலில் காட்டிய அப்பளம் வளைவது மாதிரி இருக்கும்.

வீட்டில் கறுப்பு நிறப் பழைய கால்மெஷின் வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள், அதில் முடியுமா என்று. முடியும். பாபின் கேஸின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை ஒரு சுற்றுக்குள்ளாகத் தளர்த்தினால் எலாஸ்டிக் நூல் சீராக வரும். எத்தனை திருப்பினோம் என்று குறித்துக்கொள்ளுங்கள், பழைய நிலைக்குத் திருப்ப வேண்டுமே. இதே துணியில் 10 இஞ்ச் துண்டு ஒன்றில் ஐந்து வரிசை ஓட்டி, ஆவி காட்டி அளந்து பாருங்கள், ஐந்தாறு இஞ்சுக்கு வந்தால் போதுமானது. ஊசி 11ஆம் எண். நம் மெஷின்களில் வழக்கமாகக் கிடக்கும் 16ஆம் எண் ஊசி மெல்லிய பருத்தியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுவிடும்.

மற்ற தையல்கள் எல்லாம் சுலபம். தோள் தையலுக்கு ஃபிரெஞ்சு தையல் போட்டால் உள்ளே பிசிறே தெரியாது. துணியின் நல்ல பக்கங்கள் வெளியே இருக்கும்படி முதலில் ஒடுக்கமாக ஒரு தையல், பிசிறை வெட்டித் திருப்பி அதன் மேல் இன்னொன்று. பக்கத் தையலுக்கு மட்டும் இது வேண்டாம், எலாஸ்டிக் முனைகளால் அங்கே ஏற்கெனவே தடிப்பாக இருக்கும், சாதாரணத் தையல் போட்டு, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் செய்தால் சரி.

நைட்டி பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தைப்பதற்கு முன்பே எல்லோரும் கேட்பது அதைத்தான். பயம் நியாயமானது. பருத்தி, பூப்போட்ட துணி, மார்புக்குக் கீழே சுருக்கம் என்றால் நம் கண்ணுக்கு முதலில் நைட்டிதான் தெரியும். ஆனால் நைட்டியை நைட்டியாகக் காட்டுவது அதன் தொளதொளப்பும் கணுக்கால் நீளமும்தான். இதில் முதுகு பிடித்து நிற்பதால் பக்கவாட்டில் பார்த்தால் உடலின் வடிவம் தெரிகிறது, பிளீட்டும் தைத்து அமுக்கியதால் அடங்கி விழுகிறது. பெரிய பூக்களைத் தவிருங்கள், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். கீழே பாண்ட் போட்டால் குர்தி, போடாவிட்டால் கவுன், இரண்டுக்கும் ஆகும்.

யாருக்கு இது ஒத்துவராது என்றால், இயல்பான இடுப்பில் இறுக்கம் விரும்புகிறவர்களுக்கு. இதன் ஸ்கர்ட் மார்புக்குக் கீழேயே விரியத் தொடங்குவதால் வயிற்றைத் தொடாது. அது எனக்குப் பிடித்த விஷயம், சிலருக்குப் பிள்ளைத்தாய்ச்சி உடை போலத் தோன்றலாம். உண்மையில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இது ரொம்ப வசதியான உடைதான். முழங்கை வரை கை வேண்டும் என்பவர்களுக்கும் இந்தப் பேட்டர்ன் அப்படியே போதாது.

துவைப்பதில் ஒன்று மட்டும் கவனம். எலாஸ்டிக்குக்குச் சூடு ஆகாது, உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் போடுங்கள், முதுகின் மேல் அயர்ன் பெட்டியை அழுத்தித் தேய்க்காதீர்கள். நாளாவட்டத்தில் நூல் தளர்ந்தாலும் கவுனைத் தூக்கிப்போட வேண்டாம், பழைய வரிசைகளுக்கு நடுவே புதிதாக நாலு வரிசை ஓட்டினால் முதுகு மறுபடி பிடித்துக்கொள்ளும். 44 இஞ்ச் அகலத் துணி என்றால் என் அளவுக்கு இரண்டரை மீட்டர் தாராளமாகக் காணும், 36 இஞ்ச் அகலம் என்றால் மூன்றரை மீட்டராக எடுத்துவிடுங்கள். மிஞ்சுகிற துணியில் இரண்டு பாக்கெட் கண்டிப்பாக வையுங்கள்.