இந்த ஜார் எது? பெயரா, ஹேஷா, பிரித்துப் பார்ப்பதா

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவு (லாக்) எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்ததும், சர்வர் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அந்த லைப்ரரி நம்மிடம் எங்கெல்லாம் இருக்கிறது?

ஜாவா லைப்ரரி ஜார் என்ற கோப்பாக வரும். அந்தக் கோப்பின் பெயரைத் தேடுவது சுலபம். 'லாக்4ஜே-கோர்-2.14.1.ஜார்' என்று பதிப்பு எண் பெயரிலேயே இருக்கும். ஆனால் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். முதல் பார்வைக்குச் சரி. அதை மட்டும் வைத்து 'எங்களிடம் இல்லை' என்று எழுதிக் கொடுக்கவே கூடாது.

ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி; பெயரைப் பார்ப்பதில்லை, பைட்டுகளை மட்டும் பார்க்கிறது. ஷா-1 என்ற ஹேஷ் முறை என்றால் 40 எழுத்து, ஷா-256 என்றால் 64. ஜாவா லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் ஷா-1 மதிப்பைக் கொடுத்துத் தேடினால் எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று வந்துவிடும். 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் ஒரே ஷா-1 வரும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளைச் செய்து காட்டினார்களே என்று கேட்கலாம். அவை இரண்டுமே அதற்கென்று சேர்த்துத் தயாரித்தவை. ஏற்கெனவே வெளியான ஒரு ஜாருக்கு ஜோடி செய்வது வேறு, மிகக் கடினமான வேலை. ஆகவே தேட ஷா-1 போதும். நாமே பட்டியல் வைப்பதென்றால் ஷா-256 தான்.

சிக்கல் எங்கே என்றால், ஹேஷ் பொருந்தினால்தான் பேசும். ஒரு பைட் மாறினாலும் வாய் திறக்காது. லாக்4ஜே சமயத்தில் பலர் செய்த அவசர வைத்தியம், ஜாருக்குள் ஓட்டைக்குக் காரணமாக இருந்த 'ஜேஎன்டிஐலுக்அப்.கிளாஸ்' கோப்பை மட்டும் நீக்குவது. நீக்கியதும் மொத்த ஹேஷும் மாறிவிடும். பெயர் 'ஆபத்து' என்கிறது, ஹேஷ் 'தெரியாது' என்கிறது. அந்த ஓட்டையோ அடைபட்டாயிற்று!

இங்கேதான் மூன்றாவது வழி கைகொடுக்கிறது. ஜார் என்பது ஒரு ஜிப் கோப்புதானே, பிரித்து உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிளாஸ் கோப்புக்கும் தனித்தனியாக ஹேஷ் எடுக்கலாம். எது இருக்கிறது, எது போயிருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். பல லைப்ரரிகளைக் கலந்து கட்டிய ஃபேட் ஜாருக்குள் ஒளிந்திருப்பதும் அகப்படும். நேரம் பிடிக்கும், ஜாருக்குள் ஜார் இருந்தால் அதையும் பிரிக்க வேண்டும்.

என் வரிசை இதுதான்: முதலில் முழு ஹேஷ், பொருந்தாதவற்றை மட்டும் பிரித்துப் பார்ப்பது. கிளாஸ்களைத் தொகுக்கும் பேக்கேஜின் பெயரையே மாற்றிக் கட்டிய ஜாரில் கிளாஸின் பைட்டுகளும் மாறியிருக்கும்; அப்புறம் உள்ளே லைப்ரரியின் பெயரும் பதிப்பும் எழுதியிருக்கும் பாம்.எக்ஸ்எம்எல் கோப்பு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டியவரைத்தான் கேட்க வேண்டும்.