ஜானி கேஷ் வீடு காட்டுகிறோம் என்று விற்கும் வேன் டூர்: உஷார்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் டவுன்டவுனில் "கன்ட்ரி நட்சத்திரங்களின் வீடுகள்" (கன்ட்ரி இசைப் பாடகர்களின் வீடுகள்) என்று ஒரு வேன் டூர் விற்கிறார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். விளம்பரத்தில் ஏரிக்கரை ஓரமாக, வட்ட அறைகளோடு, கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் நாஷ்வில் பக்கத்து ஹெண்டர்சன்வில்லில் வாழ்ந்த வீடு கம்பீரமாக நிற்கிறது. வேன் கொண்டுபோய் நிறுத்துவது பூட்டிய ஒரு கேட் முன்னால். ஆளாளுக்கு ஒரு போட்டோ, அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "வீடு இருந்த இடம், வெளியிலிருந்து மட்டும்" என்று போட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். விளம்பரத்தில் அந்த வரி இல்லை.

அந்த வீடே இப்போது கிடையாது. கேஷும் அவர் மனைவி ஜூன் கார்ட்டரும் 2003-ல் இறந்த பிறகு, பீ ஜீஸ் இசைக்குழுப் பாடகர் பாரி கிப் 2006-ல் வாங்கினார். புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது 2007 ஏப்ரல் 10 அன்று எரிந்துபோனது. மரத்துக்கு அடித்திருந்த எளிதில் தீப்பிடிக்கும் பூச்சால் தீ மளமளவென்று பரவிவிட்டது. இடம் தனியார் சொத்து. கேட்டைத் தாண்டி உள்ளே போனால் அத்துமீறல் கேஸ். அந்த வீட்டின் கல்சுவரில் ஒரு பகுதியைப் பார்க்க வேண்டுமென்றால் நாஷ்வில்லிலேயே இருக்கும் ஜானி கேஷ் மியூசியத்துக்குப் போகலாம், வேன் தேவையில்லை.

உள்ளே நுழைந்து பார்க்கக்கூடியது கேஷ் சிறுவயதில் வளர்ந்த வீடு, அது பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் டைஸ் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் நொடித்த விவசாயிகளுக்கு அரசு அமைத்த காலனி அது. 1935-ல் கேஷ் குடும்பம் குடியேறியபோது அவருக்கு மூன்று வயது. ஐந்து அறை வீடு, 20 ஏக்கர் நிலம். அந்தக் களிமண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். வீடு கோணிக்கொண்டே போனது. ஆர்கன்சா ஸ்டேட் பல்கலைக்கழகம் வீட்டைத் தூக்கி, அடித்தளத்தைச் சரிசெய்து, 2014-ல் திறந்தது. தம்பி டாமியும் தங்கை ஜோயனும் நினைவிலிருந்து சொன்னபடி அறைகளை அமைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.

ஜிபிஎஸ்ஸில் வீட்டைப் போட்டு நேரே போகாதீர்கள், டிக்கெட் அங்கே கிடையாது. ஊர் நடுவில் உள்ள பார்வையாளர் மையத்தில் வாங்க வேண்டும். அங்கிருந்து அவர்கள் வண்டியிலேயே வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஞாயிறு விடுமுறை, மற்ற நாளும் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். மெம்ஃபிஸில் இரவு தங்கி, ஐ-55 நெடுஞ்சாலை பிடித்து வடக்கே காலையில் போவதுதான் சரி, ஒரு மணி நேரம் போதும். நாஷ்வில்லிலிருந்து ஒரே மூச்சில் போனால் கடைசி டூரைத் தவறவிடக்கூடும்.

நாஷ்வில்–மெம்ஃபிஸ் ஐ-40 வழியிலேயே, 143-வது எக்ஸிட்டில் இறங்கினால் கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னின் ஹரிக்கேன் மில்ஸ் பண்ணை. 1966-ல் அவர் வாங்கிய பெரிய வீடு அங்கே நிஜமானது. பக்கத்தில் நிற்கும் மரக்குடிசை அசல் அல்ல, அதைப் பார்த்துக் கட்டிய மாதிரிதான். அவர் வளர்ந்த அசல் குடிசை கென்டக்கியின் புட்சர் ஹாலரில் இருக்கிறது. பாடகி டாலி பார்ட்டன் விஷயமும் இப்படித்தான்: அவர் பெயரிலுள்ள டாலிவுட் கேளிக்கைப் பூங்காவுக்குள் இருப்பது அவர் தம்பி கட்டிய மாதிரி வீடு, லோகஸ்ட் ரிட்ஜில் உள்ள அசல் வீட்டுக்குப் பொதுமக்களை விடுவதில்லை. மாதிரி என்பதை இரண்டு இடத்திலும் மறைப்பதில்லை; நடுவில் விற்பவர்கள்தான் மறைக்கிறார்கள். கிழக்கே டாலிவுட் பக்கம் போனால் நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

டூர்தான் வேண்டுமென்றால், பணம் கட்டுமுன் மெயிலில் இரண்டு கேள்வி: வீட்டுக்குள் அனுமதி உண்டா, நுழைவுச் சீட்டு இந்தத் தொகையில் சேர்ந்ததா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுகிறார்கள். டெபிட் கார்டும் ரொக்கமும் வேண்டாம், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஏற்கெனவே சிக்கியவர்கள், அந்தத் தொகை வந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் "விளம்பரத்தில் சொன்ன சேவை தரப்படவில்லை" என்று கார்டு வங்கியில் எழுத்து மூலம் டிஸ்ப்யூட் போடுங்கள். எரிந்துபோன வீட்டின் படத்தைப் போட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.