கோப்பை நேராக எழுதுவதா, எழுதிவிட்டுப் பெயர் மாற்றுவதா?

எனக்காகப் பைதானில் எழுதிக்கொண்ட சின்ன எடிட்டரில், சேவ் பட்டனுக்குப் பின்னால் இருந்தது மூன்றே வரி: கோப்பைத் திற, எழுது, மூடு. பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் விண்டோஸ் கணினியில், ஆங்கிலக் குறிப்புகள் மட்டுமே இருந்த கோப்பில் தமிழில் ஒரு வரி சேர்த்து சேவ் கொடுத்தேன். யூனிகோட் பிழை. சரி, தமிழ் எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம் என்று குறிப்பிட மறந்திருக்கிறேன் என்று எடிட்டரை மூடிவிட்டு நிரலைத் திருத்தினேன். திரும்ப வந்து பார்த்தால் கோப்பின் அளவு 0 பைட்.

எழுதுவதற்கென்று கோப்பைத் திறந்த கணமே பழையது துடைக்கப்பட்டுவிடுகிறது. எழுதும் வேலை அப்புறம்தான். நடுவில் டிஸ்க் நிறைந்தாலும் மின்சாரம் போனாலும் இதே கதிதான். வேகம், எளிமை எல்லாம் இருக்கட்டும். பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் எனக்குக் கேள்வி.

இப்போது அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி, எஃப்சிங்க் (எழுதியதை உடனே டிஸ்கில் பதியச் சொல்லும் கட்டளை) கொடுத்து, கடைசியில் பைதானின் ஓஎஸ்.ரீப்ளேஸ் கட்டளை மூலம் பழைய பெயருக்கு மாற்றுகிறேன். லினக்ஸில் இந்தப் பெயர் மாற்றம் பாதியில் நிற்காது: பழையது முழுசாக இருக்கும், இல்லையென்றால் புதியது முழுசாக இருக்கும். அதே ஃபோல்டர் எதற்கென்றால், டிஸ்கின் வேறு பார்ட்டிஷனுக்கு (தனிப் பகுதிக்கு) இப்படிப் பெயர் மாற்ற முடியாது. எஃப்சிங்க்கையும் விடக்கூடாது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வந்த புதிதில், பெயர் மாறியது டிஸ்கில் பதிந்து உள்ளடக்கம் பதியாமல், கணினி முடங்கினால் வெற்றுக் கோப்புகள் மிஞ்சின; 2009-இல் லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.30 பதிப்பில் அதற்கு ஒட்டுப் போட்டார்கள்.

நேராக எழுதுவதற்கும் ஒரு நியாயம் உண்டு. கோப்பு அதேதான் என்பதால் அனுமதிகளும் ஹார்ட் லிங்க்கும் (அதே கோப்புக்கு இருக்கும் இன்னொரு பெயர்) கலையாது. என் வழியில், வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழியான சிம்லிங்க்கே அழிந்து அந்த இடத்தில் தனிக் கோப்பு உட்கார்ந்துவிடும். அசல் பாதையை முதலில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும், அனுமதிகளையும் நகலெடுக்க வேண்டும். நெட்வொர்க் டிரைவில் நான் அதிகம் பழகியதில்லை, அங்கே இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன்.

க்யூட்டி என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதன் 5.1 பதிப்பு முதல் க்யூசேவ்ஃபைல் என்ற கருவி இருக்கிறது. தற்காலிகக் கோப்பு வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபோல்டரில் புதுக் கோப்பு உருவாக்க அனுமதி இல்லாவிட்டால் நேராக எழுதிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு, கேட்டால் மட்டும். நான் கேட்பதில்லை. சேவ் ஆகவில்லை என்று சொல்லி, வேறு இடம் தேர்ந்தெடுக்கும் பெட்டியைத் திறந்துவிடுகிறேன். சேவ் ஆகாத மாற்றம் உண்டு என்று காட்டத் தலைப்பில் இருக்கும் நட்சத்திரக் குறி அதுவரை போகாது.