வேறொரு வீட்டுப் பெயர் வெட்டிய பானை

மெல்பர்னுக்குக் குடிபோய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை, பத்திர ஆபீஸ் என்று நாள் ஓடிவிடும். இந்தத் தைப் பொங்கலை ஒட்டி மூன்று வாரத்தையும் ஒரே காரியத்துக்கென்று ஒதுக்கிக்கொண்டு தேவகோட்டை வந்து இறங்கினேன். அப்பத்தா பொங்கல் வைத்த வெண்கலப் பானை மாதிரி ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அந்தப் பானை எங்கள் வீட்டை விட்டுப் போனது எண்பதுகளில். "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்ற கூவல் ஓய்ந்து, பழசுக்கு எவர்சில்வர் தருகிறோம் என்று தெருவில் ஆள் வர ஆரம்பித்த காலம். அம்மா பானையைப் போட்டுவிட்டு இரண்டு குடமும் ஒரு டிபன் கேரியரும் வாங்கினாள். "அப்ப அதாண்டி நாகரிகம். புளியும் சாம்பலும் போட்டு விளக்கி விளக்கிக் கையெல்லாம் காச்சுப் போயிருந்துச்சு" என்பாள். அப்பத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதுதான் அம்மாவுக்கு இன்னும் உறுத்துகிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டுதான் போனேன். பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. வாசலிலேயே பர்மாத் தேக்குத் தூண் சாய்த்து வைத்திருப்பார்கள். உள்ளே போனால் ரவிவர்மா அச்சுப் படங்கள், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டிகள், பெல்ஜியம் கண்ணாடி, மரக்கால், படி, உழக்கு, பல்லாங்குழி, பாதிப் பல் உதிர்ந்த தேங்காய்த் துருவி. எனாமல் சாமான்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கும். செட்டிநாட்டு நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன இடத்திலிருந்தெல்லாம் கப்பலில் வந்து இறங்கி, மகளுக்குச் சீர் வைத்து, இரண்டாங்கட்டு அறைகளில் அடுக்கி வைத்த சாமான்கள். ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி என்று ஆகி, ஓட்டைக்கூட மாற்ற ஆளில்லாமல் வீடு சரியும்போது, கதவும் தூணும் முதலில் வெளியே வருகின்றன. பாத்திரம் பின்னாலேயே வருகிறது. இது தெரிந்த பிறகு அந்தக் கடைகளைச் சாதாரணமாகச் சுற்றி வர முடியவில்லை.

நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா காது கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் விளிம்பில் விரல் முட்டியால் ஒரு தட்டு. பித்தளை 'டொக்' என்று நின்றுவிடும். வெண்கலம் மணி மாதிரி நீட்டிச் சொல்லும். செம்பும் வெள்ளீயமும் கூடினால் வெண்கலம், செம்பும் துத்தநாகமும் கூடினால் பித்தளை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். கையில் எடுத்தால் எது எது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது கடையில் ஒரு பானை நன்றாக முழங்கி, கடைசியில் லேசாகக் கரகரத்தது. "மயிரிழை விட்டிருக்கு, வேணாம்" என்று வைத்துவிட்டாள். கடைக்காரரே அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் கழுத்துக்குக் கீழே அந்தக் கோடு தெரிந்தது. வெண்கலம் கீழே விழுந்தால் நசுங்காது, கீறிவிடும். வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கடையில்தான் கிடைத்தது. மூன்று கிலோ எழுநூறு கிராம். அகன்ற வயிறு, வெளியே மடிந்த விளிம்பு, அடியில் எத்தனையோ வருடக் கரி. அம்மா தட்டினாள். ஓசை அடங்கும் வரை காத்திருந்து தலையை ஆட்டினாள். ஆறாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்த விலை ஐயாயிரத்து இருநூறில் நின்றது. பணத்தை எடுக்கும்போதுதான் கழுத்தில் அந்த எழுத்துகளைப் பார்த்தேன். சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய மூன்று எழுத்து. விலாசம் என்பார்கள், வீட்டுப் பெயரின் முதலெழுத்துகள். இரண்டாவது எழுத்தின் கொம்பு பாதி தேய்ந்திருந்தது.

"பாலீஷ் போட்டா போயிரும்மா, நாளைக்கே போட்டுத் தர்றேன்" என்றார் கடைக்காரர்.

"வேணாம் தம்பி. யாரு வீட்டுச் சீரோ. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா.

எனக்கு அந்த நிமிடம் வாங்கலாமா வேண்டாமா என்றே ஆகிவிட்டது. ஒரு பெண் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பானை. எங்கள் பானையும் இப்படித்தான் யார் அடுப்பிலோ, உருக்குப் பட்டறையிலோ போயிருக்கும். "இதையும் உருக்காம நாமளாவது வச்சுக்குவோம்" என்று அம்மா சொன்ன பிறகே பணம் கொடுத்தேன்.

அந்தக் கடைக்காரரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மரச் சிற்பம் ஒன்றை நான் ஆசையாகப் பார்த்தபோது, "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்கும் முன்னாலேயே, "வெளிநாட்டுக்குன்னா இதைக் கேக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எதையும் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கையெழுத்துச் சுவடி என்றால் எழுபத்தைந்து வருடம். பழசு மாதிரித் தோன்றுகிற பொருளுக்கு, இது தொல்பொருள் இல்லை என்று மத்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கலாம். சென்னையில் அவர்கள் அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. விமானத்துக்கு முதல் நாள் போய் நிற்கிற காரியம் அல்ல. ஊருக்கு வந்த முதல் வாரமே அந்த வேலையை ஆரம்பிக்க வேண்டும். யானைத் தந்தத்தைத் தொடவே வேண்டாம். என் பானை ஐம்பதுகளில் நடந்த கல்யாணத்துச் சீர் என்று அவர் பில்லிலேயே எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். பில் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள் என்பேன்.

எல்லா இடத்திலும் இந்த நேர்மை கிடைக்கவில்லை. வேறொரு ஊரில் ஒருவர் ஒரு அஞ்சறைப் பெட்டியைத் தாத்தா காலத்தது என்று சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து உள்தட்டைக் கழற்றினால் பளபளக்கும் புது ஸ்க்ரூ. வெளியே மட்டும் கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். புழங்கிய பெட்டியில் கை படுகிற மூலை மழுங்கியிருக்கும், மூடிக்குள் மஞ்சள் ஊறியிருக்கும். அதைப் பார்க்காமல் பணத்தை நீட்டிவிட்டேன். புதுசு என்று சொல்லி அதே விலை கேட்டிருந்தால் சந்தோஷமாகவே கொடுத்திருப்பேன். ஆசாரி வேலை அவ்வளவு சுத்தம்.

பானையைப் பழக்க இரண்டு நாள் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தோம். வெண்கலத்துக்கு ஈயம் பூச வேண்டியதில்லை. கூடவே வாங்கிய பித்தளைச் சருவச்சட்டிக்குப் பூசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புளிக் குழம்பு களிம்பேறிவிடும். ஈயம் பூசுகிறவரைத் தேடி நான்கு பாத்திரக் கடைகளில் விசாரித்தோம். கடைசியில் ஒரு பெரியவர் தன் வீட்டு வாசலில் குழி தோண்டிக் கரி போட்டு வைத்திருந்தார். துருத்திக்குப் பதில் கையால் சுற்றுகிற விசிறி.

வேலையைத் தொடங்கும் முன் ஈயக் குச்சி ஒன்றை என் காதருகே கொண்டுவந்து மெல்ல வளைத்தார். உள்ளே நறநறவென்று ஒரு சத்தம். "கேட்டீகளா? வெள்ளீயம் கத்தும். காரீயம் கத்தாது. காரீயம் கலந்தா வயித்துக்கு ஆகாது." பிறகு சட்டியைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, தணலில் கவிழ்த்துச் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை எழுந்து மூக்கைப் பிடித்தது. குச்சியின் நுனியை உள்ளே ஒரு இழுப்பு. பஞ்சுச் சுருணையால் ஒரே வளைப்பு. மஞ்சள் பித்தளைக்குள் வெள்ளி ஓடிப் பரவுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே ஒரு விரல்கடை விடுபட்டிருந்தது. மறுபடி தணல், மறுபடி தூள், மறுபடி வளைப்பு. வாளித் தண்ணீரில் முக்கியபோது 'சொய்ங்' என்றது. இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார். ஐந்நூறு கொடுத்தேன், மீதியை எண்ணித் திருப்பித் தந்துவிட்டார். "அடுத்த வருஷம் மறுபடி பூசணும், அப்பக் குடுங்க" என்றார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த வேலைகளில் இதைவிடச் சுத்தமான வேலை வேறில்லை. அவருடைய பிள்ளைகள் யாரும் இதில் இல்லை.

பெரும்பொங்கல் அன்று அந்தப் பானைதான் அடுப்பில் ஏறியது. மஞ்சள் கொத்தை அம்மா அந்த எழுத்துகளை மறைக்காமல் ஒதுக்கிக் கட்டினாள். கிழக்கே பொங்கி வழிந்தது.

இடையில் ஆத்தங்குடிக்கும் ஒரு நடை போனோம். தரை ஓடுகள் செய்கிற இடத்தில் நின்று பார்த்தால் போதும், மணி போவது தெரியாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. நிறக் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை நடுங்காமல் தூக்க வேண்டும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை வைத்துக் கரணையால் அழுத்துகிறார்கள். சூளையே கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறி வெளியே வந்ததும் கண்ணாடி தானாக விலகி, மழமழவென்று பூ தெரிகிறது. ஆசைக்கு நான்கே நான்கு கல் வாங்கினேன். பெட்டியில் எடை தாங்காது.

கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கடுகு மஞ்சளும் அரக்குச் சிவப்பும் கட்டம் போட்ட பருத்திச் சேலை. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு இரண்டு எடுத்தேன். கைத்தறியில் நெய்தது எது என்று கேட்டு வாங்குங்கள்.

அதைவிட மனதில் நின்றது பத்தமடை. திருநெல்வேலியில் சித்தி வீட்டுக்குப் போன வழியில் அங்கே போனோம். தாமிரபரணிக் கரைக் கோரையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, நூல் மாதிரிக் கீறி, பருத்திப் பாவில் ஊடாக ஓட்டுகிறார்கள். பட்டுப் பாய் என்று அவர்கள் சொல்வதைக் கைக்குட்டை போல மடிக்கலாம். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இந்த ஊர்ப் பாய் போனதை அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரையே நெய்து தருவார்கள். ஆவணியில் சித்தி மகள் கல்யாணம். நெய்கிற அக்கா ஒரு நோட்டை நீட்டி, "பேரை நீங்களே எழுதுங்க, எழுத்துக்கு எழுத்து அப்படியே வரும்" என்றார். சித்தி மூன்று முறை எழுதிப் பார்த்து, நான்காவதாக எழுதிக் கொடுத்தாள். விலையை நாங்கள் குறைக்கச் சொல்லவில்லை. அந்தக் கீறலைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

அனுப்புகிற விஷயத்தில்தான் பட்டேன். ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியைச் சென்னைக்குப் பார்சலில் போட்டோம். வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் ஆணி அடித்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னார். பார்சல் ஆபீஸில் அட்டைப் பெட்டி போதும் என்றார்கள், நானும் தலையாட்டினேன். நான்கு துண்டாக வந்தது. நஷ்ட ஈடு கேட்டால், உடையும் பொருள் என்று எழுதிக் கொடுக்கவில்லையே என்று பதில். அப்படி எழுத வேண்டும் என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. மரப்பெட்டிக்குக் கூடுதலாகக் கேட்டது நானூறு ரூபாய்.

அதனால் பானையைக் கண்டாங்கிச் சேலைகளில் சுற்றி, விடியற்காலைப் பல்லவன் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னை வந்து, விமானத்திலும் கைப்பெட்டியில் கொண்டுபோனேன். மெல்பர்னில் இறங்கியதும் மரம், ஓலை, கோரை எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிட்டேன். ஓலைக் கூடையான கொட்டானையும் சின்னப் பாயையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து விட்டார்கள். பல்லாங்குழியின் ஒரு மூலையில் வண்டு துளைத்த ஓட்டை இருந்தது. அதைத் தட்டிப் பார்த்தபோது மாவு கொட்டியது. மருந்தடிக்க அனுப்பலாம், திருப்பி அனுப்பலாம், இல்லை அழித்துவிடலாம் என்றார் அதிகாரி. மருந்துச் செலவு நான் பல்லாங்குழி வாங்கிய விலையைவிட அதிகம். கட்டினேன். சில வாரம் கழித்து வந்தது.

பானையை அடுப்பில் வைத்த அன்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பொங்கலைப் பார்க்கவில்லை, பானையைத் திருப்பச் சொல்லி எழுத்தைத்தான் பார்த்தாள். "கம்பி நார் போட்டுத் தேய்க்காதே, இருக்குற கொம்பும் போயிரும். புளியை வச்சு விரலால தேய்" என்றாள்.