இலவச மளிகைப் பட்டியல் செயலியை நம்பி 1,499 ரூபாயை இழந்தேன்

நேற்று முன்தினம் காலை என் வங்கிக் கணக்கிலிருந்து 1,499 ரூபாய் எடுக்கப்பட்டது. வாங்க வேண்டிய மளிகைச் சாமான்களைக் குறித்து வைப்பதற்காக, இலவசம் என்று நம்பி நான் இறக்கிய ஒரு செயலிக்கு அந்தப் பணம் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் 25 கிலோ பொன்னி அரிசி மூட்டைக்கு ஒதுக்கி வைக்கும் தொகை அது. இத்தகைய செயலியை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாதச் சாமான்களை நாங்கள் மதுரை கீழமாசி வீதியில்தான் வாங்குகிறோம். மாமியார் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் தாளில் எழுதிக்கொள்வேன். அந்தத் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், இருக்கிற உளுந்தையே மறுபடியும் 2 கிலோ வாங்கி, பெருங்காயத்தை மறந்து திரும்பிய மாதங்கள் உண்டு. அதனால்தான், மாமியார் வீட்டிலிருந்து ஒரு பொருளைச் சேர்த்தால் கடையில் நிற்கும் என் கைப்பேசியிலும் கணவரின் கைப்பேசியிலும் உடனே தெரியும் என்ற அந்தச் செயலி எனக்குப் பெரிய உதவியாகத் தோன்றியது. முதல் இரண்டு வாரங்கள் அது சொன்னபடியே வேலை செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அன்று அண்ணாச்சி கடையில் பாதிச் சாமான்களைக் கட்டி முடித்திருந்தார்கள். துவரம் பருப்புக்கு அடுத்து என்ன என்று பார்க்கத் திரையைத் தொட்டேன்; பட்டியல் மறைந்து வேறொரு பக்கம் வந்து நின்றது. குடும்பத்தோடு பகிர்ந்த பட்டியலைத் தொடர்ந்து பார்க்க 7 நாள் இலவசம் என்று பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது. அதற்குக் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணுக்கு எட்டாத சிறிய எழுத்தில், அதன்பின் ஆண்டுக்கு 1,499 ரூபாய் என்று எழுதியிருந்ததை நான் நேற்றுத்தான் படித்தேன். கணக்கைச் சரிபார்க்க 1 ரூபாய் மட்டும் எடுத்து உடனே திருப்பித் தருவோம் என்றது. கடைப் பையன் அளவைக் கையில் பிடித்துக்கொண்டு, "அடுத்து என்னக்கா?" என்று கேட்டு நிற்கிறான், பின்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். யுபிஐ பின்னை அழுத்தினேன். சில நிமிடங்களில் அந்த 1 ரூபாய் உண்மையாகவே திரும்பி வந்தது. என் மனத்தில் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதோடு போயிற்று. ஆண்டுதோறும் 1,499 ரூபாய் தானாக எடுத்துக்கொள்ள அந்தப் பின் எண்ணை அழுத்தியே அனுமதி கொடுத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது.

நான்காம் நாளே செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதிப்படி குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. ஆனால் அதில் இருந்தது செயலியின் பெயர் அல்ல, நான் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர். கடன் விளம்பரங்களுக்கு நடுவில் அதையும் ஒன்றென்று தள்ளிவிட்டேன்.

பணம் போனபின் கேட்டதற்குக் கிடைத்த பதில்களை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. செயலிக்காரர்களுக்கு எழுதினால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரம் பதில் அனுப்பியது. மூன்று முறை எழுதியபின், செயலியை நீக்குவது சந்தாவை ரத்து செய்வதாகாது என்றும், ஆண்டுச் சந்தாவுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்றும் இரண்டே வரியில் முடித்துக்கொண்டார்கள். செயலியை இறக்கிய தளத்தில் கேட்டால், பணம் தங்கள் வழியாகப் போகவில்லை என்றார்கள். வங்கிக்குப் போனால், பின்னை அழுத்தியது நீங்கள்தானே என்று கேட்டு, அடுத்த ஆண்டுக்கான தொகையை வேண்டுமானால் நிறுத்தலாம் என்றார்கள். ஒரு நாள்கூடச் சந்தாவில் பயன்படுத்தாத செயலிக்கு 1,499 ரூபாய் கொடுத்தவள் நான். நாள் முழுவதும் அலைந்தவளும் நான்தான்.

இப்படி இலவசம் என்று இழுத்துப் போட்டுச் சந்தாவில் மாட்டிவிடுவதை, 2023-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டு நெறிமுறைகள் 13 வகை ஏமாற்று உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நேற்றுப் புகார் பதிவு செய்துவிட்டேன்.

தேர்ந்தெடுப்பதைப் பற்றி விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பட்டியல் எழுத மட்டுமே பயன்படும் ஒரு செயலி யுபிஐ பின் எண்ணைக் கேட்டால், 1 ரூபாய்க்காக என்றாலும், அங்கேயே மூடிவிடுங்கள். கடையில் நிற்கும்போது எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். செயலியை நீக்குவதற்கு முன் சந்தாவை ரத்து செய்யுங்கள். இன்றைக்கே உங்கள் யுபிஐ செயலியில், தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதிகளைக் காட்டும் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து பாருங்கள், வீட்டில் உள்ளவர்களுடையதையும் சேர்த்துப் பாருங்கள். நேற்று இரவு என் கணவரின் கைப்பேசியில் பார்த்தபோது, அதே நிறுவனத்தின் பெயரில் இன்னொரு 1,499 ரூபாய் வருகிற வெள்ளிக்கிழமை எடுப்பதற்குத் தயாராக நின்றது. அதை ரத்து செய்த பிறகுதான் படுத்தோம்.