பாஃபோஸில் பக்கி சஃபாரி: டெபாசிட் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சைப்ரஸ் போகிறவர்கள், அதிலும் பாஃபோஸ், கோரல் பே பக்கம் ரூம் போட்டிருப்பவர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். அங்கே கடைத்தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒரு பலகை இருக்கும். செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பக்கி (buggy: மண் பாதையில் ஓட்டும் சின்ன, திறந்த நான்கு சக்கர வண்டி) பாய்கிற படம், பின்னால் பச்சைக் கடல், மேலே கொட்டை எழுத்தில் 'அகாமாஸ் சஃபாரி'. படத்தில் இருக்கும் இடத்துக்கு உங்களைக் கூட்டிப் போவார்கள் என்பது நிச்சயமில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். சுற்றி முடித்து வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில்தான் நிஜமான பில் வருகிறது.

கம்பெனி பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. போட்டாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது. பலகையில் ஒரு பெயர், வண்டி நிற்கும் ஷெட்டில் இன்னொரு பெயர், கார்டு ஸ்லிப்பில் மூன்றாவது பெயர். அடுத்த சீசனுக்குள் நான்காவது வந்துவிடும்.

அகாமாஸ் என்பது தீவின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம். ஹோட்டல் கிடையாது, ஊர் கிடையாது. மேற்குப் பக்கம் அயியோஸ் யோர்யோஸ் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கும். அந்தப் பாதையில்தான் அவகாஸ் பள்ளத்தாக்கும், ஆமைகள் முட்டையிட வரும் லாரா கடற்கரையும். வடக்குப் பக்கம் லாட்சியிலிருந்து போனால் அஃப்ரோடைட் குளியல் சுனையும், அதைத் தாண்டி ப்ளூ லகூனும். சாதாரண வாடகைக் காரை மண் பாதையில் இறக்கினால் இன்ஷூரன்ஸ் செல்லாது என்று பெரும்பாலான கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. அதனால் ஜீப், பக்கி, குவாட் பைக் வியாபாரம் அங்கே அமோகம்.

போன ஜூன் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் இங்கிலாந்திலிருந்து போனோம். தம்பியும் அவன் மனைவியும் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார்கள். யார் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சும்மா சொல்லவில்லை, புகார் கொடுக்கும்போது அது பெரிய விஷயமாகிவிடுகிறது. பலகைக்காரர் சொன்ன கணக்கு: ஐந்து மணி நேரம், அவகாஸ், லாரா, ப்ளூ லகூன், ஹோட்டலிலிருந்து பிக்கப், ஹெல்மெட், கண்ணாடி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து இருவர் உட்காரும் வண்டி ஒன்றுக்கு 190 யூரோ. வண்டிக்கு 50 யூரோ ரொக்கமாக அட்வான்ஸ், மீதி ஷெட்டில் கார்டில். பலகையைத் தம்பி போட்டோ எடுத்துவைத்தான். பின்னால் அந்த ஒரு போட்டோதான் எங்களுக்குச் சாட்சி.

பிக்கப் வேன் ஒரு மணி நேரம் தாமதம். ஷெட்டுக்குப் போனதும் முதல் ஆச்சரியம்: இன்ஷூரன்ஸ் "பேசிக்"தானாம், "ஃபுல்" வேண்டுமென்றால் வண்டிக்கு 25 யூரோ கூடவாம். கட்டினோம். அடுத்து டெபாசிட், வண்டிக்கு 600. "பிளாக் மட்டும்தான் பண்ணுவோம், சாயங்காலம் ரிலீஸ் ஆயிடும்" என்றான் கவுண்ட்டர் பையன். கார்டு மெஷினில் யூரோவா பவுண்டா என்று கேட்ட திரையை என்னிடம் காட்டாமல் அவனே பவுண்டு அழுத்திவிட்டான். எந்தக் கரன்ஸி என்று தேர்ந்தெடுப்பது கார்டுக்காரரின் உரிமை. மெஷின்காரன் போடும் ரேட் நம் பேங்க் ரேட்டைவிடப் பெரும்பாலும் மட்டமாகத்தான் இருக்கும். ஸ்லிப்பைப் பார்த்தால் இன்னொரு கூத்து. பிளாக் செய்ததற்கு 'ப்ரீ ஆத்' என்று வரவேண்டும். இதில் 'சேல்' என்று இருந்தது. அதாவது பணத்தைப் பிடித்துவைக்கவில்லை, எடுத்தே விட்டார்கள். கேட்டதற்கு, "மெஷின் அப்படித்தான் போடும், நோ ப்ராப்ளம்."

ஒப்பந்தம் காகிதத்தில் இல்லை. டேப்லெட்டை நீட்டுகிறார்கள், கட்டைவிரலால் சர்ரென்று கீழே தள்ளி, கையெழுத்துப் போடும் கட்டத்தில் நிறுத்துகிறார்கள். மேலே என்ன இருக்கிறது என்று படிக்க என் வீட்டுக்காரர் டேப்லெட்டை வாங்கினார். பின்னால் நின்ற கைடு, "குரூப் வெயிட்டிங், ப்ளீஸ்" என்று நெருக்கினான். காப்பி ஈமெயிலில் வரும் என்றார்கள். பணத் தகராறு வந்து, எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தது. "ஃபுல் இன்ஷூரன்ஸ்" என்று 25 யூரோ வாங்கியதில் எதெதெல்லாம் சேராது என்று அப்போதுதான் பார்த்தோம்: டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், டிரைவ் பெல்ட். மண் பாதையில் ஓடும் வண்டியில் அடிபடக்கூடியதே இவ்வளவுதான். மிச்சம் என்ன, ஹாரனா?

சரி, சவாரி. முதல் ஒரு மணி நேரம் தார் ரோட்டிலேயே போனோம். பெயியா பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சுற்று, பிறகு கடல் குகைகள், அப்புறம் கரை தட்டி நிற்கும் எட்ரோ 3 கப்பல். 2011-இல் புயலில் ஒதுங்கி அப்படியே பாறையில் சாய்ந்து நிற்கிறது; பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது கோரல் பேயிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கு 190 யூரோவும் ஹெல்மெட்டும் தேவையில்லை. அங்கிருந்து ஒரு சாப்பாட்டுக் கடை. "இலவச டேஸ்டிங்" என்று ஜிவானியா என்ற உள்ளூர் சாராயமும், கேரப் (carob) மரக்காயில் செய்த இனிப்புப் பாகும் வைத்தார்கள். (வண்டி ஓட்டப்போகிற ஆளுக்கு 45 சதவீதத்தை ஒட்டிய சாராயத்தை ஊற்றிக் கொடுக்கும் சஃபாரியை வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் தொடவில்லை.) அங்கே முக்கால் மணி நேரம் போயிற்று. கைடு கடைக்காரரோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

ஒருவழியாக மண் பாதை வந்தது. லாரா பக்கம் திரும்புவதற்குப் பதில் கைடு மலைப்பக்கம் ஏறினார். கேட்டால், "லாரா ரோடு இன்னைக்கு குளோஸ்." அவர் சொல்லி முடிப்பதற்குள் எங்களைத் தாண்டி இரண்டு ஜீப்பும் வேறு கம்பெனி பக்கிகளின் வரிசை ஒன்றும் அதே லாரா ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ப்ளூ லகூன் என்ற பேச்சே இல்லை.

இனி பெல்ட் விஷயம். வண்டி வேலை தெரியாதவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், மாட்டுவது இங்கேதான். இந்த பக்கிகளில் பெரும்பாலானவை சிவிடி வண்டிகள். நம் ஊர் ஸ்கூட்டியில் இருக்கும் அதே சங்கதி, பெரிய அளவில். கியர் மாற்ற வேண்டாம். இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பெல்ட் ஓடும். பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும், அதில் ஹெச், எல் என்று இரண்டு நிலை. சமதளத்துக்கு ஹெச். செங்குத்து ஏற்றம், மெதுவான கரடுமுரடுப் பாதை, அதிக பாரம் என்றால் எல். ஹெச்சிலேயே ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறினால் பெல்ட் புல்லியில் வழுக்கி, சூடேறித் தேயும். இதை ஓட்டுபவருக்குச் சொல்லித்தருவது கைடின் முதல் வேலை. எங்கள் கைடு சொன்னது: "கேஸ், பிரேக், என் பின்னால் வாங்க." அவ்வளவுதான்.

எங்கள் வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும்போதே உதறியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் ஒரு நொடி சும்மா இருந்து, பிறகு வெடுக்கென்று இழுத்தது. அது பெல்ட் ஏற்கெனவே பளபளவென்று தேய்ந்துவிட்டதன் அறிகுறி என்று வீட்டுக்காரர் அங்கேயே சொன்னார். கோயம்புத்தூரில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த குடும்பம். ஏற்றத்தில் பாதி போனதும் பின்னால் வந்த தம்பி கையைக் காட்டி நிறுத்தினான்.

"மாமா, ரப்பர் கருகுற வாசனை வருது, உங்களுக்கு வரலையா?"

"வருது மாப்ள. எல்-ல போடலாம்னு பார்த்தா லீவர் அசைய மாட்டேங்குது."

லீவர் ஹெச்சிலேயே இறுகிக் கிடந்தது. கைடைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்தார், அசையவில்லை. "ஓகே ஓகே, ஸ்லோ, ஸ்லோ" என்று திரும்பும் வழியைக் காட்டினார். அதை என் போனில் வீடியோ எடுத்தேன். லீவர், அவருடைய கால், பின்னணியில் அவர் குரல், மூன்றும் பதிவாகியிருக்கிறது.

ஷெட்டில் நுழைந்ததும் ஒருவன் வண்டியைச் சுற்றி வராமல் நேராகப் பின்பக்கம் போய் மோந்து பார்த்தான். பெல்ட் போச்சு, பார்ட்டும் லேபரும் சேர்த்து 380 யூரோ, மீதி 220 திருப்பித் தருவோம் என்றான். பெல்ட் என்பது பிரேக் ஷூ மாதிரித் தேய்மானச் சாமான். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரிஜினல் பெல்ட்டே நூறு முதல் இருநூறு யூரோவுக்குள் கிடைக்கும்; தெரிந்த கைக்கு ஒரு மணி நேர வேலைகூட இல்லை. "கவரைக் கழற்றி பழைய பெல்ட்டைக் காட்டு, பில்லைக் கொடு, உடனே ஒத்துக்கொள்கிறேன்" என்றார் வீட்டுக்காரர். மெக்கானிக் வீட்டுக்குப் போய்விட்டாராம், காட்ட முடியாதாம். தம்பி வண்டியில் ஒரு கீறலும் இல்லை. அவனுக்கு 60 யூரோ பிடித்தார்கள், "கிளீனிங் சார்ஜ்". மண் பாதையில் போன வண்டியில் மண் ஒட்டியிருந்ததாம்.

சத்தம் போட்டுப் பயனில்லை, பணம் ஏற்கெனவே அவர்கள் கையில். டேப்லெட்டை மறுபடி நீட்டி, சேதத்தை ஒப்புக்கொள்வதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. இந்த இடத்தில் யாரும் போட்டுவிடாதீர்கள். 'இல்லையென்றால் மீதி 220 வராது' என்று மிரட்டுவார்கள். எங்களுக்குக் கையெழுத்துப் போடாமலேயே வந்தது, பதினைந்து நாள் இழுத்தடித்து. பவுண்டில் எடுத்ததைத் திருப்பும்போது வேறு ரேட்டில் போட்டதால் அதிலும் கொஞ்சம் கரைந்திருந்தது.

லாராவைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுத்து நாங்களாகவே போனோம். ரோடு திறந்துதான் இருந்தது. 1978-லிருந்து மீன்வளத் துறை அங்கே ஆமைப் பாதுகாப்பு வேலை செய்கிறது. பச்சை ஆமை, பெருந்தலை ஆமை இரண்டும் வரும். முட்டைக் குழிகளின் மேல் நரி தோண்டாதபடி கம்பிக் கூண்டு கவிழ்த்திருக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மணலில் குடை நடக்கூடாது, வண்டி இறக்கக்கூடாது, இரவு தங்கக்கூடாது. அங்கே வந்திருந்த ஒரு பக்கி குரூப்பின் கைடு வண்டிகளை மேலேயே நிறுத்திவிட்டு, ஆட்களை மட்டும் நடத்திக் கீழே கூட்டிப் போனார். ஒழுங்காக நடத்துபவர்களும் அங்கே இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பணத்துக்கு என்ன செய்தோம் என்பது பலருக்கும் உதவும். நான் கட்டியது இங்கிலாந்து கிரெடிட் கார்டில். ஒரு பொருளோ சேவையோ 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலை என்றால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு கம்பெனிக்கும் விற்றவருக்குச் சமமான பொறுப்பு உண்டு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும் என்று 2007-இலேயே, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாதிப் பணத்தை ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் மீதி கார்டில் என்றால் போதும். ஆனால் பணம் வாங்கியவரும் சேவை தந்தவரும் ஒரே ஆள் என்று காட்ட வேண்டும், மூன்று பெயர் விளையாட்டு அங்கேதான் உறுத்துகிறது. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் இல்லை. சார்ஜ்பேக் (பேங்க் மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேட்பது) மட்டும்தான், அதற்குப் பொதுவாக 120 நாள் கெடு.

தம்பி ஐரோப்பிய யூனியனுக்குள் வசிப்பதால் அவனுக்கு வேறு வழி. ஜெர்மனியின் கேல் நகரத்தில் ஐரோப்பிய நுகர்வோர் மையம் இருக்கிறது. இலவசம். அவர்கள் சைப்ரஸில் இருக்கும் கிளை மூலமாக கம்பெனிக்கு எழுதுவார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்துவாசிகளுக்கு அந்தக் கதவு இல்லை. சைப்ரஸ் அரசின் நுகர்வோர் லைன் 1429-க்கு அங்கிருந்தபடியே போன் செய்தோம். எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்திருக்கிறோம்.

தம்பியின் 60 யூரோ, மையத்திலிருந்து கம்பெனிக்குக் கடிதம் போன அதே வாரத்தில் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டது. என் 380-க்கு கார்டு கம்பெனி கேட்ட பிறகு ஒரு பில் அனுப்பியிருக்கிறார்கள். கையால் எழுதியது. வண்டி நம்பர் இல்லை, வாட் பதிவு எண் இல்லை, சைப்ரஸில் போட வேண்டிய 19 சதவீத வாட் தனியாகக் காட்டப்படவில்லை. அந்தக் குறைகளை வட்டம் போட்டு, லீவர் வீடியோவோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.